கண்டவர் விண்டிலர்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலையில் உங்களுக்கு முன்னால் போகிற கார் காரணமே இல்லாமல் ஊர ஆரம்பித்தால் ஹார்ன் அடிக்காதீர்கள். ஓட்டுகிறவர் குடித்திருக்கவில்லை. வழியும் தவறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், முட்புதருக்குள், துருப்பிடித்த மட்கார்டு ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதன் வளைவு 1939ஆ, 1941ஆ என்று மனதுக்குள் பஞ்சாயத்து நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை பின்னால் நிற்கிறவர்கள் நிற்க வேண்டியதுதான். உலகப்போரே ஆறு வருஷம் நடந்தது, இவர்களுக்கு ஆறு நிமிஷம் பொறுக்கக் கூடாதா என்பது அவர் கட்சி.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ லாரிகளைத் தேடி அலைகிற இனம் இது. பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். கார் டிக்கியில் எப்போதும் கம்பி பிரஷ், டார்ச், உப்புத்தாள், மண்டியிட ஒரு சாக்கு. டாங்கி, ஸ்பிட்ஃபயர் விமானம் எல்லாம் இவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் சமாசாரம். ஜீப் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் பார்வையாலேயே உங்களைப் பேட்டைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள்.

"ஜீப்பா? ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க சார். அதுல என்ன இருக்கு?"

அமெரிக்காவின் ஜி.எம்.சி. லாரி? அது 5 லட்சத்துக்கு மேல். கொட்டாவி விடுகிறார். லூட்டனில் செய்த பெட்ஃபோர்ட் க்யூ.எல்.? 52,000. பரவாயில்லை, ஆனாலும் கும்பல். ஃபோர்டின் டபிள்யூ.ஓ.டி. 8 என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்கிறார். சுமார் 2,500தான் செய்தார்கள். குரல் தாழ்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

இந்தத் தராசில் நல்ல வண்டிக்கு மதிப்பில்லை. வண்டி நன்றாக ஓடினால் நிறையச் செய்வார்கள். நிறையச் செய்தால் நிறைய மிஞ்சும். மிஞ்சினால் என்ன மரியாதை? பட்டாளம் வாங்கிப் பார்த்து, டிரைவர்கள் அதன் வம்சத்தையே திட்டி, போதுமடா சாமி என்று சில நூறோடு நிறுத்திய வண்டி எதுவோ, அதற்காகத்தான் இவர் மழையில் நனைகிறார். போரின்போது அதை ஓட்டியவர் இன்று இருந்திருந்தால் இவரை நல்ல டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்.

அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பிரிட்டனில் பஞ்சமே இல்லாமல் போனதற்கு ராணுவத்தின் பழைய வழக்கம் ஒரு காரணம். போருக்கு முன்னால் கிளாஸ்கோவில் ஆல்பியன், வுல்வர்ஹாம்டனில் கை, மான்செஸ்டரில் கிராஸ்லி, பேசிங்ஸ்டோக்கில் தார்னிகிராஃப்ட் என்று ஊருக்கு ஒரு கம்பெனி. ராணுவமும் யார் மனதையும் நோகடிக்காமல் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியது. ஒன்றின் கியர்பாக்ஸ் இன்னொன்றுக்குச் சேராது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில் இருந்த சிப்பாய்க்கு அது நரகம். அந்த நரகத்தின் மிச்சங்களில்தான் நம் ஆள் இன்று சொர்க்கம் காண்கிறார்.

1940 அவருக்குத் துக்க வருஷம். டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 படையினர் மீட்கப்பட்டதை ஊரே கொண்டாடும். "ஆமாம், ஆளெல்லாம் வந்து சேர்ந்துட்டாங்க" என்பார், கல்யாண வீட்டில் நகை தொலைந்தவர் சாப்பாடு நன்றாயிருந்தது என்று ஒப்புக்கொள்ளும் தொனியில். பிரான்ஸில் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் சுமார் 64,000. அதை யார் அழுவது? எதிரி கையில் சிக்கக் கூடாதென்று எஞ்சினிலிருந்து ஆயிலை இறக்கி, அது இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். இந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதோடு விட்டார்களா? படகுகளில் ஏற வசதியாக லாரிகளைக் கடலுக்குள் வரிசையாக நிறுத்தி, மேலே பலகை போட்டு, ஜெட்டி கட்டினார்கள். ராணுவ வரலாற்றில் சமயோசிதத்துக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள். நம் ஆளுக்கு அது வரிசையாகச் செய்த கொலை. ஜெர்மானியர்கள் மிச்சத்தைச் சரிசெய்து ரஷ்யப் போர்முனைவரை ஓட்டிப் போனதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசான நன்றிகூடத் தெரியும். யார் கையில் இருந்தால் என்ன, நல்லா வெச்சுக்கிட்டாங்களா என்பதுதான் கேள்வி. போருக்கு முந்தைய பிரிட்டிஷ் லாரிகள் இன்று இவ்வளவு அருகிப்போனதற்கு அந்தச் சில நாட்கள் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது.

போர் முடிந்ததும் உபரி வண்டிகளை ஏலம் விட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயரின் ரடிங்டன் கிடங்கில் இந்த ஏலம் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே வேலை கிடைத்த வண்டி பிழைத்தது. கிடைக்காதது உருக்கு உலைக்குப் போயிற்று. பீரங்கி இழுத்த ஏ.இ.சி. மேட்டடோரைக் காட்டுமரம் இழுக்க வாங்கினார்கள். வின்ச்சும் டீசல் எஞ்சினும் இருந்ததால் 1970கள்வரைகூட அது மரம் இழுத்தது. பழுதான டாங்கிகளைக் கட்டியிழுத்த ஸ்கேமல் பயனியரை ராட்டினக்காரர்கள் திருவிழா திருவிழாவாகக் கொண்டு போனார்கள். 102 குதிரைத் திறனுள்ள கார்ட்னர் எஞ்சின். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் ஓட்டுகிறவருக்கு நரைத்துவிடும். ஆனால் எதைக் கட்டினாலும் இழுக்கும்.

கூடு கட்டிய லாரிகள் பலவற்றுக்கு வேறு விதி. அச்சு ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம் போக, கூடு மட்டும் பண்ணை மூலையில் கோழிக் கொட்டகையாக உட்கார்ந்தது. அதனால்தான் கோழிக் கொட்டகை எங்கே கண்டாலும் நம் ஆள் குனிந்து அடிப்பக்கம் பார்க்கிறார். கோழிகள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்கின்றன.

பண்ணைக்காரரை அணுகுவதில் சாஸ்திரம் உண்டு. போனவுடன் லாரியைப் பற்றிப் பேசக் கூடாது. மழை, வைக்கோல் விலை, நாயின் வயது என்று சுற்றிவர வேண்டும். அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை. பிறகு, ஏதோ இப்போதுதான் கண்ணில் பட்டமாதிரி, "அதென்னங்க, அந்த மரத்தடியில?"

மரத்தடி என்பது மரியாதைக்கு. மரம் லாரிக்குள்ளேயே முளைத்து, போனட்டைத் தூக்கிக்கொண்டு முப்பதடி போயிருக்கும்.

"அதுவா? எங்கப்பா வாங்கினது. விக்கிறதுக்கில்லீங்க. ஒருநாள் நானே சரிபண்ணி ஓட்டலாம்னு இருக்கேன்."

அந்த ஒருநாள் நாற்பது வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் இவர் தலையாட்டுகிறார், விலாசம் கொடுக்கிறார், வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்புகிறார். பண்ணைக்காரரின் உடல்நலத்தில் இவர் காட்டும் அக்கறையில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது என்பதை அந்தப் பண்ணைக்காரரும் அறியாமலில்லை.

லாரியின் தகட்டை ஜாதகம் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறார். சேஸிஸ் எண், ஒப்பந்த எண், போர்த்துறை எண் மூன்றும் பொருந்த வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். எல் என்றால் லாரி, இசட் என்றால் ஒரு டன்னுக்குக் குறைந்த சிறு வண்டி, எச் என்றால் பீரங்கி இழுப்பது, ஏ என்றால் ஆம்புலன்ஸ். தகடு தொலைந்திருந்தால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போனட்டின் பக்கவாட்டில் தேய்க்க ஆரம்பிப்பார். சர்க்கஸ்காரன் சிவப்பு, அதற்கடியில் மர வியாபாரியின் நீலம், அதற்கடியில் ராணுவப் பச்சை, அதற்கும் அடியில் பழுப்பு. பழுப்பில் வெள்ளை எண்ணின் வால் தெரிந்துவிட்டால் போதும், மழை பெய்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தப் பழுப்பைப் பற்றி இரண்டு பேர் பேசத் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவது நல்லது. பச்சைச் சாயத்துக்கான குரோமியம் ஆக்ஸைடுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1942 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவம் பழுப்புக்கு மாறியது. 1944இல் அமெரிக்க வண்டிகளோடு ஒத்துப்போக ஆலிவ் பச்சைக்குப் போனது. இதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பழுப்பு எந்தப் பழுப்பு? வட்ட வட்டமாக மேலே அடித்த கறுப்புத் திட்டுகளை 'மிக்கி மவுஸ் காது' என்பார்கள். அந்தக் காது எவ்வளவு அகலம்? இருபது வருஷ நட்பு ஒன்று பெயிண்ட் டப்பா மூடியில் முறிந்த கதை இந்த வட்டாரத்தில் சகஜம்.

மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடப்பக்கம் போகிற நாட்டில் வேலியோரத்து ஸீட் அந்த அம்மாளுடையது. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்ததில் அவருக்கு வாய்த்த கண் கணவருக்கு இல்லை. கணவரின் பெயர்பெற்ற கண்டுபிடிப்புகள் பலவும் அம்மாள் ஜன்னல் வழியே முதலில் கண்டவை. சில சமயம் பார்த்தும் சொல்வதில்லை. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்கிறார்கள்.

வீட்டில் போர்ப் படம் பார்ப்பதுதான் அந்த அம்மாளுக்குச் சோதனை. கதாநாயகன் காதலியிடம் விடைபெறுகிறான்; பின்னால் லாரி ஒன்று வருகிறது. "பெட்ஃபோர்ட் ஆர்.எல்.! அது 1953ல தான் வந்தது!" காதலி அழுவது யார் காதிலும் விழவில்லை. அவர் வாய் மூடிப் பார்க்கிற படம் 1958இல் வந்த 'ஐஸ் கோல்ட் இன் அலெக்ஸ்'. அதில் வருவது நிஜமான ஆஸ்டின் கே 2 ஆம்புலன்ஸ். கதாநாயகி அதுதான் என்று அவர் நம்புகிறார்.

உள்ளூர்ப் புதர்கள் தீர்ந்தால் வெளிநாடு. செங்கடலில் 1941 அக்டோபரில் ஜெர்மன் குண்டுவீச்சில் மூழ்கிய 'திஸ்டில்கார்ம்' கப்பலின் வயிற்றில் பெட்ஃபோர்ட் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் வரிசையாக நிற்கின்றன. முப்பது மீட்டர் ஆழம். மற்றவர்கள் மீன் பார்க்க இறங்குகிறார்கள். இவர், அறுபது தாண்டிய பிறகு முக்குளிக்கக் கற்றுக்கொண்டவர், மீனைக் கையால் விலக்கிவிட்டு அச்சைப் பார்க்கிறார். லிபியப் பாலைவனம் இன்னொரு கனவு. ரால்ஃப் பேக்னால்ட் 1940இல் எகிப்தில் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையின் செவ்ரலே ஒன்றைப் பிற்பாடு மணலிலிருந்து மீட்டார்கள். லண்டன் போர் அருங்காட்சியகம் அதன் துருவைத் துடைக்காமல் அப்படியே வைத்தது. பெயிண்ட் அடிக்காமல் விட்டார்களே என்று நம் ஆள் மெச்சுவார். தன் வண்டிக்கு மட்டும் ஐந்தாவது கோட் அடிப்பார்.

நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். கனடாவில் ஃபோர்டும் செவ்ரலேயும் ஒரே மாதிரியில் செய்த ராணுவ லாரிகள் 4 லட்சத்துக்கு மேல். அவற்றில் கணிசமானவை இந்தியாவுக்கு வந்தன. வெயில் பட்டுக் கண்ணாடி மின்னி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்க, பிந்தைய மாடல்களில் முன்கண்ணாடியின் அடிப்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். பர்மாவில் இவை பஸ்ஸாகவும் மர லாரியாகவும் பல தலைமுறை ஓடின.

"உங்க ஊர்ல ஏதாவது பழைய ஷெட்டுல..."

எங்கள் பக்கத்திலும் பட்டாளம் கழித்த டிஸ்போசல் லாரிகள் ஓடியதுண்டு, ஆனால் எங்களிடம் இரும்பு சும்மா கிடக்காது, ஓட்டம் நின்ற மறுவாரமே காயலான் கடைக்குப் போய் எடைக்கு எடை காசாகிவிடும் என்றேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

கண்டதை இவர்கள் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். புகைப்படம் காட்டுவார்கள், பின்னணியில் மாதா கோயில் கோபுரம் இருந்தால் அதை வெட்டியிருப்பார்கள். எந்த ஊர் என்றால் "வடக்கே" என்பார்கள். ஸ்காட்லாந்தும் வடக்கே, அடுத்த தெருவும் வடக்கே.

நான் அறிந்த ஒருவர் கடைசியில் அப்படி ஒன்றைப் பிடித்தேவிட்டார். எந்த லாரி என்று நானும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஐந்து பேர் கிளம்புவார்கள். ஒரு பண்ணையிலிருந்து சேஸிஸ், வேறொன்றிலிருந்து கேபின், எங்கிருந்தோ எஞ்சின் என்று சேர்த்துக் கட்டி, பழுப்படித்து, கென்ட் பக்கத்துக் கோடைக்காலக் கண்காட்சி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஒரு பலகை: உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. அந்தப் பலகையை அவர் லாரியைவிட அதிகமாகத் துடைத்தார்.

பிற்பகலில் ஒரு கிழவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்க மாமனார் ஷெட்ல இதே மாதிரி ஒண்ணு நிக்குதுங்க. முழுசா."

நண்பர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். இன்னொன்று பிழைத்திருக்கிறது என்று கேட்டால் ஒரு தேடலாளர் துள்ளிக் குதிப்பார் என்று நாம் நினைப்போம். அவர் அந்த ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளே போய்ப் பார்த்தார். கிழவர் சொன்னது சரிதான். தகடு, எண், விளக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இவருடைய வண்டியைவிட அது எல்லா வகையிலும் உசத்தி. வாரம் முடிவதற்குள் கேட்ட விலை கொடுத்து வாங்கிவிட்டார்.

அதைப் புதுப்பிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

"புதுப்பிக்கிறதா? அது ஸ்பேருக்குங்க" என்றார்.

கியர்பாக்ஸ், அச்சு, விளக்கு, கதவு என்று ஒவ்வொன்றாய்க் கழற்றி முதல் வண்டிக்கு மாட்டிக்கொண்டார். மிச்சத்தை எடைக்குப் போட்டார். பலகையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.