வில்லங்க வண்டி வாங்குவது எப்படி?

அரை கிரவுண்டு மனை வாங்குவதென்றால் முப்பது வருட வில்லங்கச் சான்று போடுகிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். நாலு லட்ச ரூபாய்க் காரை மட்டும் ஆன்லைனில் எட்டு போட்டோ பார்த்து முடித்துவிடுகிறோம். துணிச்சல்தான். ஆனால் ஸ்டேஷன், நுகர்வோர் ஆணையம், கோர்ட் என்று முழுச்சுற்றும் பார்க்க ஆசைப்படுகிறவருக்குத் துணிச்சல் மட்டும் போதாது. முறையான முன்னேற்பாடு வேண்டும்.

முதலில் விளம்பரம். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரிஜினல் ஆர்.சி. ஊரில் இருக்கிறது’ என்று ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறது, அட்வான்ஸ் போடுங்கள்’ என்பவரைத் தவிர்க்கலாம். அங்கே வண்டியே கிடையாது; வண்டி இல்லாத இடத்தில் வில்லங்கம் எப்படி வரும்? 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் போடுவதோடு கதை முடிந்துவிடும். (உடனே போட்டால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இந்தக் கையேட்டில் உருப்படியான யோசனை ஏதாவது தவறி விழுந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

வண்டியைப் பார்க்கப் போகும்போது செல்போனைப் பையிலேயே வையுங்கள். வண்டி நம்பரை எம்பரிவாஹன் செயலியில் அடித்தால் எந்த பைனான்ஸில் கடன் இருக்கிறது, இன்சூரன்ஸ் என்றைக்கு முடிகிறது என்றெல்லாம் வந்து மனதைக் கெடுக்கும். திருட்டு வண்டியா என்று தேடிப் பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒரு வசதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குனிந்து சேசிஸ் நம்பரை ஒத்துப்பார்த்தால் சட்டை அழுக்காகும். டெல்லி, கர்நாடகப் பதிவெண் என்றால் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரி என்ற பேச்சை எடுக்காதீர்கள். புரோக்கர் மனம் புண்படும்.

அடுத்து பணம். ரொக்கமாகக் கொடுப்பது உத்தமம். ரசீது கேட்டால் மனிதரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். ஜிபே என்றால் விற்பவர் நம்பருக்கு வேண்டாம், அவருடைய மச்சான் நம்பருக்குப் போடுங்கள். பதிலுக்கு யாரோ கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடமெல்லாம் காலியாக விட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29-ம் 30-ம் தருவார்கள். அந்த யாரோ யார் என்று கேட்காமல் டேஷ்போர்டில் வையுங்கள்.

ஒரே மாநிலத்துக்குள் கைமாறும் வண்டிக்கு விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவு. சட்டம் ஆயிரம் சொல்லும். பெயர் மாற்றாத வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று, பல கை மாறிய வண்டி ஒன்றின் வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. நவீன் குமார் வழக்கு என்பார்கள். ஆக, எங்கோ ஓர் ஊரில் அந்தப் பழைய ஓனர் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பார். அவருக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று புரோக்கர்கள். மூவர் பெயரும் எந்தக் காகிதத்திலும் இல்லை. இதுதான் நம் கட்டடத்தின் அஸ்திவாரம்.

வில்லங்கம் வெளிப்படும் விதம் பலவகை. பெரும்பாலும் எச்.பி. எனும் பைனான்ஸ் கடன்தான். ‘ரெண்டு டியூதான் பாக்கி, நான் கட்டிடறேன்’ என்ற வாக்குறுதி காற்றோடு போயிருக்கும். கடன் கொடுத்தவர் படிவம் 35-இல் கையெழுத்திட்டுத் தராதவரை ஆர்.சி.யில் அந்தக் கடன் அழியாது. ஓனர் மாறினாலும் கடன் வண்டியோடுதான் ஓடும். ஒரு நாள் சிக்னலில் சீஸிங் ஆட்கள் வருவார்கள். திருட்டு வண்டி என்றால் வெளியூர் போலீஸ் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நீங்கள் காத்திருந்த பகுதி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். ‘இது சிவில் மேட்டர்’ என்று வரவேற்று, சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவில் மோசடிக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். நீங்கள் இதையெல்லாம் ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டு ஸ்டேஷன் ரைட்டர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். ‘வித்தவன் பேரு, அட்ரஸ்?’ உங்கள் போனில் ‘ஸ்விஃப்ட் கார்த்தி’ என்று இருக்கும். கார்த்தியின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

மனம் தளர வேண்டாம், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிஜமாகவே நல்ல சட்டம் இது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. விற்றவர் எந்த ஊரானாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம், ஆன்லைனிலும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ‘முயல’ என்று எழுதியவர் உலகம் தெரிந்தவர். ஆனால் இங்கே எதிர்த்தரப்பு வியாபாரியாகவோ சேவை தருபவராகவோ இருக்க வேண்டும். சொந்தக் காரை விற்ற தனியாள் மீது ஆணையம் கை வைக்காது.

‘அப்படியானால் விளம்பரம் போட்ட தளத்தைப் பிடிக்கிறேன்’ என்பீர்கள். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-ஆவது பிரிவைத் தூக்கிக் காட்டுவார்கள். வெறும் விளம்பரப் பலகையாக நின்றவர்களுக்கு அது பெரும்பாலும் கை கொடுக்கும். வண்டியைச் சோதித்துச் சான்று கொடுத்து, கமிஷன் வாங்கி, பெயர் மாற்றமும் எங்கள் பொறுப்பு என்று சொன்ன நிறுவனம் அப்படித் தப்புவது கடினம். அது சேவைக் குறைபாடு, விடாதீர்கள். பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், கைக்கு வந்த வண்டியைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. டீலரிடம் அந்தச் சான்றை முன்பே கேட்டிருந்தால்... நீங்கள்தான் கேட்கவில்லையே, தொடர்வோம்.

மிச்சம் சிவில் கோர்ட். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவைப் படித்தால் கண்ணில் நீர் வரும், அவ்வளவு உங்கள் பக்கம். விற்கிறவனுக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும், வாங்குகிறவன் தொல்லையில்லாமல் அனுபவிக்க வேண்டும், சொல்லாத கடன் பொருள் மீது இருக்கக் கூடாது என்பதெல்லாம் எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியவை. மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு மூன்று சதவீதம் கோர்ட் ஃபீஸ். சம்மன் யாருக்கு அனுப்புவது என்று வக்கீல் கேட்பார். ஸ்விஃப்ட் கார்த்தி, தமிழ்நாடு என்று எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்?

திருட்டு வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்பது உங்களை ஜெயிலிலிருந்து காப்பாற்றலாம்; வண்டியைக் காப்பாற்றாது. திருடனிடம் இல்லாத உரிமை உங்களுக்கு எப்படி வரும்? ஸ்டேஷன் வாசலில் வண்டிகள் துருப்பிடிக்க விடாமல் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பறிகொடுத்த ஓனரிடம்தான் பெரும்பாலும் போகும். நீங்கள் போட்ட புது டயர்களோடு.

இந்த அனுபவமெல்லாம் வேண்டாம் என்கிற சோம்பேறிகள் சிலர் உண்டு. அவர்கள் ஆர்.சி.யில் பெயருள்ள ஆளையே நேரில் வரச்சொல்லி, ஆதார் நகலோடு விற்பனை ஒப்பந்தம் எழுதி, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே பணம் போட்டு, பெயர் மாறும்வரை ஒரு தொகையைப் பிடித்துவைத்து, விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கிறார்கள். அவர்களுக்குக் கோர்ட் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

எல்லாம் கைவிட்ட பின் ஒரு மகா யோசனை தோன்றும்: இதே வண்டியை, எதுவும் சொல்லாமல், இன்னொருவர் தலையில் கட்டிவிடலாமே! கட்டலாம். வில்லங்கம் தெரிந்தே விற்பதால் அதே 318 உங்கள் மீது பாயும். அந்த வழக்கில் மட்டும் ரைட்டருக்கு வேலை சுலபம். விற்றவரின் பெயரும் அட்ரசும் போன் நம்பரும், நீங்களே எழுதிக் கொடுத்த பழைய புகாரில், சி.எஸ்.ஆர். எண்ணோடு ஸ்டேஷனிலேயே இருக்கும்.