அடி வாங்கிய சிப்பு

எழுபதுகளில் தகவல்தொடர்பு செயற்கைக்கோள்கள் சிலவற்றுக்குப் பேய் பிடித்தது. கீழேயிருந்து யாரும் கட்டளை அனுப்பாமலே உள்ளே ஏதோ ஒரு சுற்று பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குத் தாவிவிடும். 1975-இல் ஹியூஸ் நிறுவனத்தின் பிண்டர், ஸ்மித், ஹோல்மன் மூவரும் பேயின் ஊர் பேரைக் கக்க வைத்தார்கள். எந்தக் காலத்திலோ வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் இரும்பு அணுக்கரு, காஸ்மிக் கதிராக வந்து டிரான்சிஸ்டரில் இடித்திருக்கிறதாம். செயற்கைக்கோள்கள் எல்லாம் சேர்ந்து வாழ்ந்த 17 ஆண்டுகளில் மொத்தம் நாலே தடவைதான். நம்மூர்ப் பேய்கள் ஒரு வெள்ளிக்கிழமையில் இதைவிட அதிகம் ஆடும்.

1978-இல் இன்டெல்காரர்களுக்கு இன்னும் கேவலம். அங்கே சிப்பைப் பொதிந்த பீங்கானிலேயே யுரேனியம், தோரியம். பேயை வாடகை வாங்காமல் குடிவைத்திருந்தார்கள்.

வேப்பிலை வேண்டுமே? கலிபோர்னியாவின் பெர்க்லியில் 88 அங்குல சைக்ளோட்ரான் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அணுக்கரு ஆராய்ச்சிக்கென்று பிறந்த, அயனிகளை முடுக்கிவிடும் யந்திரம். 1979-இலிருந்து, சிப்புகளைக் கன அயனிகளால் அடித்துத் தாங்குகின்றனவா என்று சோதிக்கும் பூசாரி வேலையும் பார்க்க ஆரம்பித்தது. சடங்கு எளிது. முதலில் சிப்பின் மூடியைப் பெயர்க்க வேண்டும். கன அயனிக்கு மூடியைத் துளைத்து உள்ளே போகத் தெம்பு கிடையாது. மண்டை திறந்த சிப்பை வெற்றிட அறையில் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, வேலை செய்யவிட்டபடியே அடிப்பார்கள். எத்தனை பிட் புரண்டது என்று கணக்கு. திடீரென மின்னோட்டம் எகிறினால் சட்டென்று பிளக்கைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் சிப்பு கருகிவிடும். ஆர்கான், கிரிப்டான், செனான் என்று பல அயனிகளைக் கலந்து ஊற்றி, வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் வசதியும் பின்னால் வந்தது. அதற்கு ‘காக்டெய்ல்’ என்று பெயர் வைத்தவர்கள் இயற்பியலாளர்கள், நான் நிரபராதி.

வியாழனுக்குக் கிளம்பக் காத்திருந்த கலிலியோ விண்கலத்தின் ‘2901’ சிப்புகள் இப்படி அடி வாங்கிப் பல்லிளித்தன. கலம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடும் சிப்புகள் அவை! சாண்டியா ஆய்வகம் அதே சிப்பைக் கதிர் தாங்கும்படி புதிதாக வார்த்துக் கொடுத்தது. 1989-இல் கலிலியோ கிளம்பியது.

1991-இல் அதன் பெரிய ஆன்டெனாவை விரிக்கச் சொன்னார்கள். குடை மாதிரி விரிய வேண்டியது, பாதியில் மாட்டிக்கொண்டது. மோட்டாரை ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சிப்புகள் சமர்த்தாக வேலை செய்தன. குடை கடைசிவரை விரியவில்லை.