வினைச் சாகுபடி: தியாகராய நகரை முன்வைத்து ஒரு விசாரணை

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் வாக்கியத்தை நம் பாட்டிமார் தொடங்கிப் பட்டிமன்ற நடுவர் வரை சகலரும் எடுத்தாண்டிருக்கிறார்களே ஒழிய, அந்த வினை எந்த மண்ணில் நன்றாக வரும், எத்தனை நாள் பயிர், அறுவடையில் நிலச் சொந்தக்காரனுக்கு எவ்வளவு, குடியானவனுக்கு எவ்வளவு என்று ஒரு சாதாரணக் கணக்குப்பிள்ளை கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை இதுவரை எந்தப் பண்டிதரும் கேட்டதாகத் தெரியவில்லை. பழமொழியின் மறுபாதியாகிய தினையைப் பற்றி விவாதமே இல்லை. ஏறக்குறைய 90 நாளில் கதிர் முற்றும் புன்செய்த் தானியம் அது. மயிலாப்பூர்க் கடைகளில் பொட்டலமாகவும் கிடைக்கிறது. வினையோ தேங்கிய நீரில் செழிக்கும் நன்செய்ப் பயிர் என்பதே எமது ஆராய்ச்சியில் முதன்முதலாக நிர்ணயமான விஷயம்.

ஆராய்ச்சி நிலமாகத் தியாகராய நகரை எடுத்துக்கொண்டோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததும், வெள்ளைக்காரத் துரைமார் படகுப் பந்தயம் விட்டுக் களித்ததுமான ‘லாங் டாங்க்’ என்னும் பேரேரியை, 1920-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டம் பிறந்த சூட்டோடு, 1923 வாக்கில் வடித்துத் தூர்த்து, மனை மனையாக அளந்து, ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் நாமத்தைச் சூட்டி, நடுவே பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்காவும் அமைத்தார்களே, அதுதான் விதைப்பு. இடையிடையே சில்லறை வெள்ளாமை உண்டெனினும் பெருமகசூல் கண்டது 2015 டிசம்பர் வெள்ளத்தில். ஆக, தினைக்கு 90 நாள் என்றால் வினைக்கு 92 ஆண்டு. கரும்பில் மறுதாம்பு வருவதுபோல், மறுபடி விதைக்காமலே 2021 நவம்பரிலும் இடுப்பளவு விளைந்த தெருக்கள் உண்டு; அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது.

பாசன முறையையும் சொல்லிவிட வேண்டும். வள்ளுவர் கோட்டத்தருகே தொடங்கி, நகரை ஊடறுத்து, நந்தனத்தில் அடையாற்றோடு கலக்கும் மாம்பலம் கால்வாய்தான் இங்கே வடிகால். ஆறு தாழ்ந்திருக்கும் வரை கால்வாய் வடியும். செம்பரம்பாக்கத்து உபரி நீரோடு ஆறு நிமிர்ந்துவிட்டால், வடிய வேண்டிய நீர் வந்த வழியே திரும்பித் தன் பூர்வீக ஏரிக்குக் குடியேறும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகை பொய் சொல்கிறதென்று வெயில் காலத்தில் மட்டுமே வாதிட முடியும். வள்ளுவர் கோட்டமோ 1976-இல் அந்த ஏரி நிலத்தின்மேலேயே எழுந்தது. அதன் மண்டபத்துக் கல்லில் 1330 குறளும் பொறித்திருக்கிறார்கள். அவற்றுள் தீவினையச்சம் என்னும் அதிகாரமும் சேர்த்தி. கல்தச்சர் நிச்சயம் படித்திருப்பார்.

இனி, பிரதான சங்கைக்கு வருவோம். விதைத்தவனே அறுப்பான் என்ற சித்தாந்தம் தஞ்சாவூர் வயலில் செல்லுபடியாகலாம். தியாகராய நகரில் அது பிரத்தியட்சத்துக்கு விரோதமாயிருக்கிறது. ஏரியைத் தூர்த்தவர்கள் காலமாகிவிட்டார்கள். மனை வாங்கியவரின் பேரன் முதல் மாடியில் இருக்கிறார். அறுக்கும் பொறுப்பு முழுவதும் தரைத்தளத்து வாடகைக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பழைய ஜமீன் கணக்கில் மேல்வாரம் நிலச் சொந்தக்காரனுக்கும் குடிவாரம் உழுதவனுக்கும் போனதுபோல, இங்கே மேல்தளத்துக்கு வாடகை, கீழ்த்தளத்துக்கு வெள்ளம். குளிர்ப்பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, மெத்தையைப் பரணில் திணித்து, அரிசி டப்பாவை ஒரு கையிலும் காஸ் சிலிண்டரை மறு கையிலும் பிடித்தபடி நிற்பவளிடம், மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, “உள்ள வந்துடுத்தா மாமி?” என்று கேட்பவர் வீட்டுக்காரர் மனைவி. கேட்ட தொனியில் கருணைக்குக் குறைவில்லை என்பதை ஆராய்ச்சி நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

சைவ சித்தாந்திகள் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்தார்கள். ஏரியில் அன்று கொட்டிய மண் சஞ்சிதம். முழங்காலில் இன்று நிற்கும் நீர் பிராரப்தம். இவ்விரண்டுக்கும் நாம் பொறுப்பல்ல என்று கைகழுவிவிடலாம். ஆகாமியம் அப்படியன்று, கண்ணெதிரே விதைக்கப்படுவது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டதில், மூன்று படி ஏறிப் போன திண்ணை வீடுகள் பல, இரண்டு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. அவற்றை இடித்துக் கட்டும் அடுக்ககம் சாலைக்கு மேல் இரண்டடி உயர்த்திக்கொள்ள, அதன் வாசலில் நிற்க இடமற்ற நீர் எதிர்வீட்டுக் கூடத்தை நாடுகிறது. எதிர்வீட்டுக்காரரும் சும்மா இருப்பவரல்லர். தம் வீட்டையும் இடிக்க நாள் பார்த்துவிட்டு, அடித்தளத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று மேஸ்திரியை யோசனை கேட்கிறார்.

“அவங்க ரெண்டடி போட்டிருக்காங்க சார், நாம மூணாவே போட்டுடுவோம்,” என்கிறார் மேஸ்திரி.