செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும் நாளில், சென்னையில் இருக்கும் ஓய்வூதியர் பலருக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிடுகிறது. நியமன ஆணை கிடையாது, சம்பளம் கிடையாது, மேலதிகாரியும் கிடையாது. அந்தக் கடைசி வசதிக்காகவே இந்த வேலையை அவர்கள் இவ்வளவு ஆசையாகச் செய்கிறார்கள்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று தாழ்வான பகுதி எதுவானாலும் குடியிருப்புக்கு ஒருவர் உண்டு. மழை சார் என்று வைத்துக்கொள்வோம். சித்திரையில் பார்த்தால் சாதாரண மனிதர். லிஃப்ட் ஓடவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று சில்லறைப் புகார்களோடு காலம் தள்ளுவார். ஐப்பசி பிறந்ததும் மூன்றாம் மாடி ஐ.டி. பையன் அவரை வாசலில் நிறுத்தி, "அங்கிள், நாளைக்கு மழை இருக்கா?" என்று கேட்பான். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை மாதமும் உயிரோடு இருந்தார். "தென்கிழக்கு வங்கக் கடல்ல ஒரு மேலடுக்குச் சுழற்சி இருக்கு தம்பி..." என்று தொடங்குவார். சுழற்சி வலுப்பெற்றுத் தாழ்வுப் பகுதி ஆவதற்குள் பையனின் ஆபீஸ் கேப் வந்துவிடும். மீதியை வாட்ச்மேன் கேட்டுக்கொள்வார். வாட்ச்மேனுக்குப் போக வேறு இடம் இல்லை.

மழை சாரின் மனைவி மாநகராட்சிப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே டீச்சரம்மா. அவருக்கும் மழையோடு பழைய கணக்கு உண்டு. வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர். ரமணன் 2016இல் ஓய்வு பெறும்வரை, அவர் தொலைக்காட்சியில் வந்தாலே நாளைக்கு லீவு என்று பிள்ளைகள் குதித்த காலம் அது. டீச்சரம்மா குதிக்க முடியாது. கலெக்டர் லீவு விட்டாரா இல்லையா என்று காலை ஆறு மணியிலிருந்து ஊரிலுள்ள பெற்றோர் எல்லாம் அவருக்குப் போன் செய்வார்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டே இட்லிக்கு ஊற்றி, பதில் சொல்லிக்கொண்டே புடவை கட்டிப் பழகியவர். ஆகவே மழை அவரைப் பரபரப்பாக்குவதில்லை. மழை சாரின் பரபரப்புத்தான் அவருக்கு வேலை வைக்கிறது.

வானிலைத் துறையின் மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30க்கு முடிகிறது. மழை சாரின் வீட்டிலும் அப்படியே. மொட்டை மாடியில், கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்றைச் செங்கல் அண்டக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார். சரியாக 8.30க்குக் குடையும் மர ஸ்கேலுமாக மேலே ஏறுவார். ஸ்கேல் டீச்சரம்மாவுடையது. எத்தனையோ பிள்ளைகளின் உள்ளங்கை அறிந்த ஸ்கேல், இப்போது மழையை அளக்கிறது.

ஒருநாள் கீழே வந்தவர் முகத்தில் வெற்றிக் களை. "நுங்கம்பாக்கம் ஆறு சென்டிமீட்டர், மீனம்பாக்கம் ஏழுன்னு சொல்றாங்க. நம்ம மாடியில பதினொண்ணு! இங்க ஒரு மழைமானி வைக்கணும்னு நான் அவங்களுக்கு எழுதப் போறேன்."

"எழுதுங்க. ஆனா ராத்திரி மோட்டார் போட்டுட்டு நிறுத்த மறந்துட்டீங்களே, டேங்க் வழிஞ்சது எத்தனை சென்டிமீட்டர்னு கழிச்சுட்டு எழுதுங்க."

கடிதம் போகவில்லை. பாட்டில் மட்டும் டேங்கை விட்டுத் தள்ளி இடம் மாறியது.

இந்த மழை சார் இனத்தில் இரண்டு வகை உண்டு. மாநில அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர் முதல் வகை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இவர் போடும் மழைச்செய்தி இப்படி இருக்கும்: "பொருள்: வங்கக் கடல் – காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – உருவாகும் வாய்ப்பு – குடியிருப்போர் முன்னெச்சரிக்கை – தொடர்பாக. பார்வை: 1. இதே குழுவில் எனது நேற்றைய பதிவு. 2. மேற்படி பதிவுக்கு எவரும் பதில் அளிக்காமை."

மத்திய அரசுப் பணியில் இருந்தவர் இரண்டாவது வகை, நம் மழை சாரைப் போல. அவருக்கு நவம்பரில் கூடுதலாக ஒரு கடமை உண்டு: தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஆண்டில் பன்னிரண்டு மாதம் இருக்க, அடைமழை மாதத்தைத்தான் உயிர்வாழ்வுச் சான்றுக்கு அரசு தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்த மழையிலும் ஒருவர் வங்கிவரை வந்து சேர்ந்தால் அதைவிட நல்ல சான்று வேறென்ன என்று நினைத்திருக்கலாம். வந்து சேர்ந்தவரின் கட்டைவிரல் ஈரத்தில் ஊறிச் சுருங்கியிருக்கும். கருவி, யார் இவர் என்று கேட்கும். துடைத்துத் துடைத்து வைப்பார். "ராத்திரி பூரா குறட்டை. நான் வேணா சாட்சிக் கையெழுத்துப் போடறேன்" என்பார் கூட வந்த டீச்சரம்மா. இப்போது முகத்தைக் கைப்பேசியில் காட்டினாலே போதும் என்று வசதி வந்துவிட்டது. மங்கிக் குல்லாவைக் கழற்றச் சொல்வது மட்டுமே பாக்கித் தொல்லை.

மங்கிக் குல்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் சென்னையின் இரவு வெப்பம் 22 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வேறு பல ஊர்களில் இதற்குக் கோடைக்காலம் என்று பெயர். மழை சாருக்கு இது குளிர்காலம். குல்லா, மப்ளர், முழுக்கைச் சட்டை, காலுறை என்று கூடத்தில் உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும். நிறுத்தவும் முடியாது. கூடத்தின் குறுக்கே கட்டிய கொடியில் மூன்று நாள் துணி காய்கிறது. காயவில்லை என்பதே சரி.

காலை நடையும் அந்தக் கொடியின் அடியில்தான். தரையில் எட்டுப் போட்டு நடப்பது மூட்டுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோபாவைச் சுற்றி ஒரு வட்டம், சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு வட்டம். ஈரப் புடவை முகத்தில் அறையும், உள்பாவாடையின் நாடா காதில் மாட்டும், டீச்சரம்மாவின் சீரியலில் மாமியார் விஷம் கலக்கும் கட்டத்தில் மழை சார் சரியாகக் குறுக்கே போவார். "ஒண்ணு நடங்க, இல்ல உட்காருங்க. எட்டுல எந்தப் பக்கம் வருவீங்கன்னே தெரியல."

ஏரிகள் விஷயத்தில் மட்டும் மழை சாரை யாரும் அசைக்க முடியாது. செம்பரம்பாக்கம் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழல் 21.20 அடி, 3,300. பூண்டி 35 அடி, 3,231. நடு ராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரும். அரிசி டப்பாவில் எவ்வளவு இருக்கிறது, சிலிண்டர் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் வராது. அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி அவர் அதிகார எல்லைக்கு வெளியே.

சிரிக்கலாம். ஆனால் 2015 டிசம்பர் 1க்கு முன்னால் இந்தக் கணக்கெல்லாம் பொதுப்பணித் துறை பொறியாளர்களுக்கு மட்டுமே தெரியும். செம்பரம்பாக்கம் நமக்கெல்லாம் பூந்தமல்லிக்கு அப்பால் எங்கோ இருந்த ஓர் ஊர். அன்று இரவு அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அளவில் அடையாற்றில் தண்ணீர் வந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் முழுக்க முழுகிற்று. தூக்கத்தில் கால் நனைந்து எழுந்தவர்கள் அந்த அடிக்கணக்கை மனப்பாடம் செய்யாமல் என்ன செய்வார்கள்?

புயல் என்று வந்துவிட்டால் மழை சார் வெளியுறவுத் துறையையும் சேர்த்துக் கவனிப்பார். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் தருவது 13 நாடுகள். நிவர் ஈரான் வைத்தது, வர்தா பாகிஸ்தான், மிக்ஜாம் மியான்மர், ஃபெஞ்சல் சவூதி அரேபியா என்று காய்கறிக்காரரை நிறுத்தி வைத்து விளக்குவார்.

"பேர் வைக்க 13 நாடு இருக்கு. மாடியில தண்ணி போற குழாய் வாயில அடைச்ச இலையை எடுக்க ஓர் ஆள் இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குடை மறுபடியும் மாடி ஏறும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காலையிலிருந்தே இதோ கடக்கிறது, அதோ கடக்கிறது என்று தொலைக்காட்சி முன்னால் தவம். புதுச்சேரிப் பக்கம் கரை தொட்ட புயல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ரேடார் படத்தை நொடிக்கொரு தரம் பார்த்ததில் கைப்பேசிச் சார்ஜ் தீர்ந்தது. அப்போது பார்த்து மின்சாரமும் போயிற்று. உலகத்தோடு இருந்த எல்லாத் தொடர்பும் அறுந்த அந்த நேரத்தில், வீட்டில் இன்னொருவர் இருப்பது அவர் கவனத்துக்கு வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "எட்டு மணிக்கே உங்களோடதான் சாப்பிட்டேன்" என்றார் டீச்சரம்மா.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிறங்கள் இருக்கின்றன. இருபது சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால் சிவப்பு. டீச்சரம்மா வைத்திருக்கும் அளவு வேறு. வேலைக்கு வரும் அம்மா தாமதமாக வந்தால் மஞ்சள். போனை எடுக்காவிட்டால் ஆரஞ்சு. அவரே கூப்பிட்டு, "டீச்சர், வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு" என்று சொன்னால் சிவப்பு. சிவப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் குழப்பம் இல்லை: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. பிறகு கூடுதலாக இரண்டு டம்ளர் அரிசி களைவார்.

முதல் எச்சரிக்கை வந்த மறுநிமிடம் மழை சார் தம் பழைய காரை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தக் கிளம்புவார். போன மழைக்குப் பிறகு அந்தக் கார் ஓடியதே இன்றுதான். பாலத்தில் ஏற்கெனவே வரிசையாக நிற்கும் கார்களுக்குப் பக்கத்தில் அதே வயதுடைய பல மழை சார்கள் குடையோடு நிற்பார்கள். அங்கே ஒரு கருத்தரங்கம் நடக்கும். எவர் வீட்டு மாடியில் எத்தனை சென்டிமீட்டர் என்று ஏலம் போகும். திரும்பி வரும்போது தெப்பலாக நனைந்து, மூன்று தும்மல், ஒரு கோரிக்கை: "இந்த ஈரத்துக்குச் சூடா வாழைக்காய் பஜ்ஜி போட்டா..."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் வெயில் காலத்துல சொன்னார்."

பேச்சுவார்த்தை இரண்டு பஜ்ஜியில் முடியும். மூன்றாவது, காற்று திசை மாறும் நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து கடத்தப்படும்.

அவர் பாலத்தில் இருந்த நேரத்தில் வீட்டில் என்னென்ன நடந்திருக்கிறது? ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம் மூன்றும் பிளாஸ்டிக் உறையில் ஏறிப் பரண் மேல் போயிருக்கும். குடங்கள் நிரம்பியிருக்கும். இருவருக்கும் பத்து நாள் மாத்திரை, கொசுவத்தி, மெழுகுவத்தி, ஈரம் படாத தீப்பெட்டி, பால் பவுடர், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்குப் பிறகு பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, பாலும் கிடைக்கவில்லை. அப்போது ஒரு மாடி முழுவதற்கும் சோறு போட்டவை இந்த மாதிரிப் புளிக்காய்ச்சல் பாட்டில்கள்தாம். அவற்றைப் பற்றி எந்த வானிலை அறிக்கையிலும் வரவில்லை.

ராத்திரி அமெரிக்காவிலிருந்து மகன் கூப்பிடுவான். தாழ்வு மண்டலத்தின் தற்போதைய இருப்பிடம், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், உபரி நீர் எத்தனை கன அடி என்று மழை சார் விரிவாக அறிக்கை வாசிப்பார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பான். "பால் இருக்கு, மாத்திரை இருக்கு, தண்ணி இன்னும் கேட் வாசல்லதான் நிக்குது" என்பார் டீச்சரம்மா. பிறகுதான் அவன் போனை வைப்பான்.

மழை சார்கள் பல தடவை தப்பாகச் சொல்வார்கள். வராத புயலுக்குக் காரைப் பாலத்தில் ஏற்றுவார்கள். ஆனால் சொல்வதை நிறுத்த மாட்டார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் ஏரிக்கணக்கு பார்க்க ஒருவர் விழித்திருப்பது ஊருக்கு நல்லது. ஆகவே கார்த்திகை மாதத்து நள்ளிரவில் அப்படி ஒருவர் மங்கிக் குல்லாவோடு வந்து உங்கள் கதவைத் தட்டினால் கோபப்படாதீர்கள். எத்தனை கன அடி என்று விவாதிக்கவும் நிற்காதீர்கள், விடிந்துவிடும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள். போன பிறகு டார்ச் எங்கே, தீப்பெட்டி எங்கே, காலையில் சாப்பிட என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம். டீச்சரம்மாவிடம் கேளுங்கள்.