கொல்லைக்குட்டை ஞானி

திருவையாற்றிலிருந்து நீடாமங்கலம் வரை எந்த ஊருக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். ரிட்டையர் ஆனவர். வந்த பணத்தில் மகள் கல்யாணம் போக மிச்சத்தை வைத்துக் கொல்லையில் ஒரு குட்டை வெட்டியிருப்பார். மீன் வளர்த்து விற்கத்தான் வெட்டினார். இரண்டே வருஷத்தில் முதல் போய் ஞானம் வந்துவிட்டது.

கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூடக் கூடத்தில் உட்காரவிட மாட்டார். நேரே கொல்லைக்குத்தான். தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த வாளி. ஓர் உருண்டையைத் தண்ணீரில் எறிந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"தம்பி, மேலாக வந்து கவ்வுதே, அது கட்லா. நடுத்தண்ணியில ரோகு. அடியில சேத்தைக் கிளறிக்கிட்டு மிர்கால். ஒண்ணு சோத்துல இன்னொண்ணு வாய் வைக்காது. மூணும் ஒரே குட்டையில குடித்தனம் பண்ணுது. மனுஷனுக்குத்தான் அந்தப் பக்குவம் வரல."

பக்குவம் வராத மனுஷன் யாரென்று ஊருக்குத் தெரியும். அரையடி வரப்புக்காகச் சொந்த அண்ணன்மேல் இவர் போட்ட கேஸ் இன்னும் கோர்ட்டில் நிற்கிறது.

போன வருஷம் வாய்க்கால் தண்ணீரோடு ஒரு விரால் உள்ளே வந்து, விட்டிருந்த குஞ்சுகளில் பாதியை முழுங்கிவிட்டது. நமக்கென்றால் நஷ்டம். அவருக்கு அதுவும் பாடம்: "திறமை உள்ளவன் எங்கே போனாலும் பொழைச்சுக்குவான்." இதையே அண்ணன் செய்திருந்தால் அதற்குத் திறமை என்றா பெயர் வைப்பார்?

மப்பும் மந்தாரமுமாக இருந்த ஒரு விடியற்காலை, மீன்களெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பேரனை எழுப்பிக் கொண்டுவந்து காட்டினார். "பார்றா, மீன்கூட அஞ்சு மணிக்கு எழுந்து ஜபம் பண்ணுது!" மீன்வளம் படித்த பக்கத்து வீட்டுப் பையன் வேலி மேல் எட்டிப் பார்த்துப் பதறினான். "மாமா, அது ஜபம் இல்ல, மூச்சுத் திணறல். ராத்திரியெல்லாம் பாசி தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துடும். தீனியை நிறுத்திட்டு மோட்டாரைப் போட்டுப் புதுத்தண்ணி விடுங்க." மோட்டாரைப் போட்டார். போட்டுவிட்டுப் பேரன் பக்கம் திரும்பினார்: "மூச்சுத் திணறும்போதும் ஜபத்தை விட்டுச்சா பார்த்தியா?"

மீனிடம் அவருக்குப் பிடித்த குணமே இதுதான். எதைச் சொல்ல வைத்தாலும் சொல்லும், எதிர்த்துப் பேசாது.

கைவசம் சரித்திரமும் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791-இல் பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797-இல் அது அச்சாகியும் வந்தது. செவுள்மூடி முள்ளை ஊன்றித் தரையில் நகரும் மீன்தான் அது. கணக்கில் முப்பது மார்க் வாங்கிவந்த பேரனிடம் இதை விஸ்தாரமாகச் சொல்லி முடித்து, "மீனுக்குப் பனையே ஏறுது. உனக்குக் கணக்கு ஏறலியா?" என்றார். பையன் யோசித்தான். "ஏறினது எப்படித் தாத்தா எறங்குச்சு?" டால்டார்ஃப் அதைப் பற்றி என்ன எழுதினார் என்று இவர் படித்திருக்கவில்லை.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்காத வருஷங்களில் குட்டை வற்றும். அப்போது மீனுக்குப் பதில் கர்நாடகம். உபதேசத்துக்குப் பதில் வசவு. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் தத்துவமும் வந்து சேரும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாடம் ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இந்தியாவுக்கு வந்து, நம் குளங்குட்டைகளையெல்லாம் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்ட மீன். அம்மா மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் கொஞ்ச நாள் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். "அத்தனை நாளும் பட்டினி தம்பி! தாய்மைன்னா அதுதான் தாய்மை. இந்தக் காலத்துப் பொம்பளைங்க..." என்று குரலை உயர்த்தினார்.

துவைகல் ஓரமாக அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள், செதில் ஒட்டிய கையைக் கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தபடி நிமிராமலே சொன்னார்:

"பட்டினி பெரிசில்லீங்க. அத்தனை நாளும் வாயைத் திறக்காம இருக்கு பாருங்க, அதைக் கத்துக்குங்க."