கலைக்கு மூன்று அரை நாள்

அரசுப் பள்ளிகளில் கலைக்கு இடமில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. வாரத்தில் மூன்று அரை நாள் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி முதலியவற்றுக்கென, வாரம் மூன்று அரை நாள் வேலை என்ற கணக்கில், 16,549 பகுதிநேரப் பணியிடங்கள் உருவாயின. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். 2024இல்தான் 12,500 ஆனது. பல ஆண்டுகள் மே மாதத்துக்கு ஊதியமே இல்லை. கத்திரி வெயிலில் கலையுணர்வு ஆவியாகிவிடும் என்பது நிதித்துறையின் துணிபு போலும். கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கேட்கிறது. ஒரு பிள்ளை குறைந்தால் அந்த ஊருக்கே ஓவியம் தேவையில்லை.

2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழா என்ற போட்டி நடக்கிறதே, மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம் தருகிறார்களே என்பார்கள். ஏழைப் பிள்ளைக்கு மேடை கிடைப்பது நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டி திறமையைக் கண்டுபிடிக்கும், கற்றுத்தராது. வெல்பவர் சிலர், வகுப்பில் இருப்பவர் எல்லாரும். பணமில்லை என்ற பதிலும் தயார். பந்தலுக்கும் பரிசுக்கும் இருக்கிற பணம் ஆசிரியரிடம் வரும்போது மட்டும் தீர்ந்துவிடுவதற்குக் காரணம் எளிது: விழாவைப் படம் எடுக்கலாம், பாடவேளையை எடுக்க முடியாது. ஆகவே திட்டமிடுவோருக்கு ஒரு யோசனை: முழுநேர ஓவிய ஆசிரியர் நியமனத்தையே ஆண்டுதோறும் விழாவாக நடத்துங்கள். ரிப்பன் வெட்ட அமைச்சரும் வருவார், பிள்ளைகளுக்கு ஆசிரியரும் கிடைப்பார்.