நேராக மறுக்கும் ஊரிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள், அத்தை, மொட்டைமாடியில் குரங்குகளிடமிருந்து நீங்கள் காத்துவரும் வடாம் எல்லாம் நலம்தானே?

ஆம்ஸ்டர்டாமில் மழை மேலிருந்து பெய்வதில்லை, பக்கவாட்டில் வருகிறது. சைக்கிளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்க்காற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு, தலை நரைத்த மேனேஜர்கள்கூட வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டு கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மனதில் பட்டதைச் சொல்லவும் அவர்களுக்குக் கூச்சமில்லை. என் புது ஸ்வெட்டரைப் பார்த்து, பக்கத்து மேசை டச்சுக்காரர், "இந்த நிறம் உனக்கு எடுப்பாக இல்லை" என்றார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தன் ரொட்டிக்குத் திரும்பிவிட்டார்.

நான் இங்கே என்னதான் வேலை பார்க்கிறேன் என்று போனில் கேட்டீர்கள். மறுப்புகளைத் தரம் பிரிப்பதுதான் என் வேலை, மாமா. எங்கள் கம்பெனியில் எலாஸ்டிக்சர்ச் என்றொரு தேடல் சர்வர் ஓடுகிறது. அதை உருவாக்கிய ஷாய் பானன் என்பவருடைய மனைவி லண்டனில் சமையற்கலை படிக்கப் போனாராம். அவருடைய சமையல் குறிப்புகளைத் தேடித்தர இவர் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து 2010-இல் எலாஸ்டிக்சர்ச்சாக வெளிவந்தது. 2012-இல் இதே ஆம்ஸ்டர்டாமில் கம்பெனியும் ஆனது. அந்த அம்மா மட்டும் தன் சமையல் குறிப்புத் தேடலுக்கு இன்னும் காத்திருக்கிறார் என்பது எங்கள் வட்டாரத்துப் பழைய ஜோக். அத்தை இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்.

அந்த சர்வரில் சரக்குக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று பல இண்டெக்ஸ்கள். எந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற அடைவு ஒவ்வொன்றிலும் இருக்கும். கேள்வி கேட்கிற புரோகிராமுக்கு கிளையன்ட் என்று பெயர். "கனெக்‌ஷன் வரவில்லை" என்று யாராவது கத்தினால் நான் முதலில் கேட்பது, "என்ன சொல்லி மறுத்தது?"

கேட்ட மாத்திரத்தில் "ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் நல்ல செய்தி. மெஷின் உயிரோடு இருக்கிறது, நாம் தட்டிய போர்ட்டில், அதாவது வாசலில், மட்டும் கேட்க ஆளில்லை. சர்வர் ஓடாமல் இருக்கலாம். அல்லது 127.0.0.1-இல் மட்டும் காது வைத்திருக்கலாம். அப்படி அமைத்திருந்தால், தன் மெஷினுக்குள்ளிருந்து கேட்டால்தான் பதில். ஆகவே முதலில் அந்த மெஷினிலேயே உட்கார்ந்து ஒரு கேள்வி, பிறகு கிளையன்ட் இருக்கும் மெஷினிலிருந்து அதே கேள்வி. அங்கே பதில் வந்து இங்கே வராவிட்டால், கோளாறு வழியிலோ அந்தக் காதிலோதான். சிலர் 9200 என்ற போர்ட்டுக்குப் போக வேண்டியதை 9300-க்கு அனுப்பிவிடுவார்கள். அது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட். "இது ஹெச்டிடிபி போர்ட் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சுத்த டச்சுக்காரன்.

2022-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாதுகாப்பு தானாகவே பூட்டிக்கொண்டு வருகிறது. மறுப்புக்கு மறுப்பு ஓர் எண் உண்டு. 401 என்றால் "நீ யாரென்று தெரியவில்லை". 403 என்றால் "நீ யாரென்று தெரியும், ஆனால் இந்த இண்டெக்ஸ் உனக்கில்லை". 404 என்றால் "அப்படியொரு இண்டெக்ஸே இல்லை". மூன்று இண்டெக்ஸைப் பெயர் சொல்லி ஒன்றாகக் கேட்டு, அதில் ஒன்று இல்லாமற்போனாலும் மொத்தத்துக்கும் 404-தான். இத்தனை தெளிவாக மறுப்பவரிடம் வேலை செய்வது சுகம்.

என்னை வதைப்பது டைம்அவுட். நடுவில் காவல் நிற்கும் ஒரு ஃபயர்வால் கேள்வியை விழுங்கிவிட்டு, ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. நம் ஊரில் கடன் கேட்கப் போனால் காபி கொடுத்து, ஊர்க்கதை பேசி, வாசல்வரை வந்து வழியனுப்புவார்களே, பணம் மட்டும் வராதே, அதேதான்.

அதைவிட மோசமான ஒன்றையும் போன மாதம் பார்த்தேன். பழைய பில் தேடினால் வருகிறது, புது பில் வரவில்லை. நெட்வொர்க்தான் காரணம் என்று ஒரு கூட்டம், கிளையன்ட் பழசு என்று இன்னொரு கூட்டம். சர்வரோ "200, எல்லாம் சுபம்" என்கிறது. அட்மின் தன் கணக்கில் தேடினால் எல்லாமே வருகிறது. பார்த்தால், பழைய இண்டெக்ஸ்களின் பெயரில் நடுவே ஹைஃபன், புதியதில் அண்டர்ஸ்கோர். கிளையன்ட்டின் சாவிக்கு ஹைஃபன் போட்டவற்றுக்கு மட்டும் அனுமதி. கிளையன்ட் பெயரின் முன்பாதியை எழுதி நட்சத்திரக் குறி போட்டு "இப்படித் தொடங்குகிற எல்லாம் கொடு" என்று கேட்டது. அப்படிக் கேட்டால், அனுமதி இல்லாததை சர்வர் சத்தமில்லாமல் விலக்கிவிட்டு மிச்சத்தைச் சிரித்த முகத்தோடு கொடுக்கும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, புது இண்டெக்ஸை முழுப்பெயர் சொல்லிக் கேட்டேன். பளிச்சென்று 403 வந்தது. அத்தனை பேரும் கைதட்டினோம். வாய்விட்டு மறுத்ததற்காக ஒரு மெஷினுக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றுதான். சாவிக்கு அனுமதி சேர்த்தோம், புது பில்கள் வந்தன.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய ஜாதகம். அம்மாவிடம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நானும் ஃபயர்வால் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க் காற்று பட்டதில் தைரியம் வந்திருக்கிறது. பையன் யாரென்று நன்றாகத் தெரிகிறது, குறையொன்றும் இல்லை, ஆனால் எனக்குச் சம்மதமில்லை. 403. அவர்கள் வீட்டிலும் இதை நேராகவே சொல்லிவிடுங்கள், மாமா. காபி கொடுத்து அனுப்பினீர்களென்றால், அடுத்த தை மாதம்வரை நம்பிக்கையோடு காத்திருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்